எம்5-ஐச் செய்பவர்களுக்கு: முடிவை எங்கள் தலையில் கட்டாதீர்கள்

மியூனிக் நகரத்துக்கு வடக்கே கார்ஹிங்கில் இருந்துகொண்டு எம் என்ற பெயரில் அதிவேகக் கார்களை உருவாக்கும் பிஎம்டபிள்யூ பொறியாளர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள் என்ற கவலை எனக்கு இல்லை. 2007-லிருந்து சென்னைக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உங்களுக்கு ஒரு தொழிற்சாலை இருக்கிறது, எம்340ஐ அங்கேதான் அசெம்பிள் ஆகிறது, படித்துச் சொல்ல அங்கே ஆள் கிடைக்கும்.

நான்கு மோட்டார் வைத்த மின்சார எம் காரைக் கொண்டுவரப் போவதாக நீங்களே அறிவித்துவிட்டீர்கள். அது ஷோரூமுக்கு வந்த பிறகு புலம்பி ஒன்றும் ஆகப்போவதில்லை, அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். என்னிடம் உங்கள் 5 சீரிஸ் செடானின் வேக வடிவமான எம்5 கிடையாது, வாங்கும் வசதியும் கிடையாது. கோவையில் என் நண்பர் ஒருவர் பழைய ஜெர்மன் கார்களைப் பார்க்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே போய் நிற்பேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன், வேலை முடிந்த காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னால் மறுக்க மாட்டேன். இந்த மடலில் இருப்பதெல்லாம் அந்த இடத்திலிருந்து பார்த்ததும், நிறையப் படித்ததும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னையும் அந்த "எலெக்ட்ரானிக்ஸ் வந்துதான் கார் நாசமாகப் போச்சு" கோஷ்டியில் சேர்த்துவிடுவீர்கள். நான் அந்த ஆள் இல்லை. 1978-ல், பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது, 1995-ல் அதே மெர்சிடிஸின் எஸ் 600 கூப்பேயில், வழுக்கும் காரைப் பிடித்து நேராக்கும் ஈஎஸ்பி வந்தது. இந்த இரண்டும் இல்லாமல் ஐநூறு ஹார்ஸ்பவரைப் பின் சக்கரத்துக்கு அனுப்பி, ஆடி மாதமோ ஐப்பசி மாதமோ ஒரு மழை நாளில் சாதாரண மனிதன் கையில் சாவியைக் கொடுப்பது அநியாயம். ஈஎஸ்பி உள்ள கார்களில், தனியாகப் போய் மோதி உயிர் போகும் விபத்துகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை அமெரிக்க ஆய்வுகள் காட்டின, பிறகுதான் அங்கே அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். 1987-ல் வந்த ஃபெராரி எஃப்40-யில் ஏபிஎஸ் இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை, பிரேக்குக்கு பூஸ்டரும் இல்லை என்று இன்றைக்கும் உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் விலையைப் பார்த்தால், உருகுகிறவர்களில் ஓட்டியவர்கள் ரொம்பக் கொஞ்சம்தான் இருக்க வேண்டும்.

ஆக, எலெக்ட்ரானிக்ஸ் வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு அக்கறை இல்லை. எனக்கு இருக்கும் குறை வேறு. எந்த எலெக்ட்ரானிக்ஸை வைக்கும்போது நீங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறீர்கள், எதை வைக்கும்போது முடிவெடுக்காமல் ஒரு மெனுவைத் திறந்து எங்களிடம் தள்ளிவிட்டிருக்கிறீர்கள் என்பதுதான். இதற்கு உங்கள் சொந்தக் குடும்பத்தில் இருக்கும் எம்5-ஐவிட நல்ல சாட்சி கிடையாது, 1985-லிருந்து ஒரே பெயரில் வந்துகொண்டிருக்கும் கார்.

ஈ39 எம்5-ஐ எடுத்துக்கொள்வோம் (ஈ39, ஈ60 என்பதெல்லாம் ஒவ்வொரு தலைமுறைக்கும் நீங்கள் வைத்த குறியீடு). 1998-ல் வந்தது, 4.9 லிட்டர் வி8, 400 ஹார்ஸ்பவர், ஆறு கியர் மேனுவல் மட்டும்தான், ஆட்டோமேட்டிக் கேட்டாலும் கிடைக்காது. இதைத்தான் ரசிகர்கள் "கடைசி அசல் எம்5", "அனலாக் கார்" என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அனலாக்காவது ஒன்றாவது. அதன் எட்டு சிலிண்டருக்கும் தனித்தனியாகக் காற்றை உள்ளே விடும் எட்டு த்ராட்டிலையும் திறப்பது கம்ப்யூட்டர், உங்கள் கால் அல்ல. டிஎஸ்சி (ஈஎஸ்பிக்கு நீங்கள் வைத்த பெயர்) உண்டு, ஸ்போர்ட் பட்டன் உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது எண்ணெய் விஷயம். வளைவில் காரை வேகமாகத் திருப்பும்போது எஞ்சின் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பம்ப்புக்கு ஆயில் கிடைக்காமல் போனால் எஞ்சின் கதை முடிந்தது. இதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? பக்கவாட்டு விசை எவ்வளவு என்று டிஎஸ்சி சென்சாரிடமே கேட்டு, அது ஓர் அளவைத் தாண்டியதும் ஒரு மின் வால்வைத் திறந்து, ஆயில் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதோ அங்கிருந்து உறிஞ்சி எடுக்க வைத்தீர்கள். இதற்கு பட்டன் கிடையாது, மெனு கிடையாது, டாஷ்போர்டில் ஒரு படம்கூட கிடையாது. பத்து வருடம் அந்தக் காரை ஓட்டியவருக்கே இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் இருக்கலாம்.

அதே காரின் ஆர்பிஎம் மீட்டரைச் சுற்றி ஒரு வரிசை விளக்குகள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எரியும், ஆயில் குளிராக இருக்கிறது, இதற்கு மேல் இழுக்காதே என்று அர்த்தம். சூடேற ஏற ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே மேலே போகும், ஓட்டுபவருக்கான எல்லையும் கூடவே மேலே போகும், கடைசியில் எல்லாம் அணைந்துவிட்டால் இனி உன் இஷ்டம். ஒரு வார்த்தை எழுதவில்லை, "எச்சரிக்கை" என்று பீப் அடிக்கவில்லை, ஓகே பட்டனை அழுத்தச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. காரில் எலெக்ட்ரானிக்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்த விளக்கைத்தான் காட்டுவேன். (அந்தக் காரின் ஸ்டீயரிங் அப்படியொன்றும் பிரமாதமில்லை, வி8-க்கு இடம் விடுவதற்காகப் பழைய பாணி ஸ்டீயரிங் பாக்ஸை வைத்தீர்கள், நடுவில் கொஞ்சம் மந்தமாக இருக்கும் என்று அப்போதே எல்லோரும் எழுதினார்கள். அது எந்திரக் குறை, கம்ப்யூட்டரைத் திட்ட முடியாது.)

அடுத்தது ஈ60. 5 லிட்டர் வி10, 507 ஹார்ஸ்பவர், 8,250 ஆர்பிஎம் வரை கத்திக்கொண்டு போகும். நாலு கதவு வைத்த குடும்பக் காரில் இப்படி ஒரு எஞ்சினை வைக்க இனி ஒரு நிறுவனத்துக்குத் துணிச்சல் வராது, உங்களுக்கே வராது. அந்த எஞ்சினுக்காக உங்களைக் கும்பிடலாம். ஆனால் ஸ்டார்ட் செய்தால் கிடைப்பது 400 ஹார்ஸ்பவர், அதாவது பழைய காரில் பட்டன் எதையும் தொடாமலே கிடைத்தது. மீதி வேண்டுமென்றால் ஒரு பட்டன். அதிலும் உச்சம் வேண்டுமென்றால் ஐடிரைவ் என்ற ஸ்கிரீன் மெனுவுக்குள் போய், எம் பட்டனை அழுத்தினால் என்னென்ன மாற வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். கிளட்ச் பெடல் இல்லாத எஸ்எம்ஜி கியர்பாக்ஸ் எவ்வளவு வேகமாக கியர் மாற்ற வேண்டும் என்பதற்கு மட்டும் பதினோரு நிலைகள், மேனுவலில் ஆறு, ஆட்டோவில் ஐந்து. சஸ்பென்ஷனுக்கு மூன்று. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரே கார் நூற்றுக்கணக்கான காராக ஆகிறது.

இங்கேதான் எனக்குக் கோபம். நியூர்பர்கிரிங் ரேஸ் டிராக்கில் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தவர்கள் நீங்கள். எந்த ஷாக் அப்சார்பருக்கு எந்த த்ராட்டில் பொருந்தும், எந்த கியர் வேகத்தில் கார் உதறாமல் போகும் என்று இந்த உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால் உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சரியாகச் செய்து கையில் கொடுப்பதற்குத்தானே அவ்வளவு காசு? ஹோட்டலில் சாம்பார் கேட்டால் மாஸ்டர் வந்து உப்பு, புளி, மிளகாய்த்தூள் டப்பாக்களை மேஜையில் வைத்துவிட்டு "உங்கள் விருப்பப்படி" என்று சொல்வதில்லை. அந்த கியர்பாக்ஸ் பதினோரு நிலைகளில் எதில் வைத்தாலும் டவுன் டிராஃபிக்கில் தலையை முன்னும் பின்னும் ஆட்டியது, கடைசியில் அமெரிக்க வாடிக்கையாளர்கள் அடம்பிடித்து மேனுவல் கியரை வாங்கினார்கள். பதினொன்று கொடுத்ததற்குப் பதிலாக இரண்டைச் சரியாகக் கொடுத்திருக்கலாம். நியாயமாகச் சொன்னால் அந்தக் கார்களின் எஞ்சினைக் காவு வாங்கியது கனெக்டிங் ராட் பேரிங் தேய்மானம், அதற்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் சம்பந்தம் இல்லை. த்ராட்டிலைத் திறக்கும் ஆக்சுவேட்டர்கள் தேய்வது மட்டும் எலெக்ட்ரானிக்ஸ் கணக்கு.

எஃப்10 பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. டர்போ வந்ததும் எஞ்சின் சத்தம் அமுங்கிப்போனது, அதனால் ஸ்பீக்கர் வழியாகச் சத்தத்தைப் போட்டீர்கள். 560 ஹார்ஸ்பவர் வி8 முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் சத்தத்தை மியூசிக் சிஸ்டத்தில் கேட்கிற நிலைமை. கண்ணாடியைத் திறந்துவிட்டால் போதும் என்று யாரும் கூட்டத்தில் சொல்லவில்லையா? ஆனால் அதே காரில், சாதாரண 5 சீரிஸ் எல்லாம் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்குக்கு மாறிவிட்ட நேரத்தில், எம்5-க்கு மட்டும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கைப் பிடிவாதமாக வைத்திருந்தீர்கள். அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் கேட்கிறேன்.

எஃப்90-ஐப் பாராட்டாமல் போனால் பாவம். நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் எம்5 என்றதும் ரசிகர்கள் ஒப்பாரி வைத்தார்கள். நீங்கள் அதைப் பின் சக்கரக் கார் போலவே நடக்க வைத்தீர்கள், டிஎஸ்சியை முழுக்க அணைத்தால் முன் சக்கரங்களை மொத்தமாகக் கழற்றிவிடும் 2டபிள்யூடி நிலையையும் கொடுத்தீர்கள். மழை பெய்தால் நாலு சக்கரம், தைரியமும் காலி மைதானமும் இருந்தால் இரண்டு. இரும்பும் பல்சக்கரமும் மட்டும் வைத்து இதைச் செய்ய முடியாது, கம்ப்யூட்டர்தான் செய்கிறது. ஸ்டீயரிங்கில் எம்1, எம்2 என்று இரண்டு சிவப்பு பட்டன், உங்களுக்குப் பிடித்ததை அதில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு பட்டனும் எவ்வளவு வசதி என்று எல்லோரும் புகழ்கிறார்கள், நானும் புகழ்கிறேன், ஆனால் அது நீங்களே கட்டிய மெனு காட்டிலிருந்து தப்பிக்க நீங்களே வைத்த குறுக்குவழி என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வந்தவற்றைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. இப்போதைய எம்3-யில் பிரேக் பெடலின் உணர்வுக்கே கம்ஃபர்ட், ஸ்போர்ட் என்று இரண்டு செட்டிங். பிரேக்குக்கு! மிதித்தால் எவ்வளவு நிற்க வேண்டுமோ அவ்வளவு நிற்க வேண்டும், கால் அதைப் பழகிக்கொள்ள வேண்டும், பழகிய பிறகு மாறவே கூடாத ஒரு விஷயம் காரில் இருக்கிறதென்றால் அது பிரேக் பெடல். அப்புறம் டிரிஃப்ட் அனலைசர். பின் சக்கரம் எத்தனை டிகிரி வழுக்கியது, எவ்வளவு தூரம், எத்தனை நொடி என்று அளந்து நட்சத்திரம் போடும். பெரிய வகுப்புப் பையன்களுக்கு நோட்டில் ஸ்டார் ஒட்டுவது போல. யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை, வைத்திருப்பதில் தப்பும் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் யாராவது பிரேக் பெடலைப் பற்றி யோசித்திருக்கலாம்.

இன்றைய எம்5, ஜி90, 727 ஹார்ஸ்பவர், 1,000 நியூட்டன் மீட்டர். எடை 2,435 கிலோ. முந்தைய கார் 1,900 கிலோவை ஒட்டியிருந்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட இது 3.5 நொடி எடுக்கிறது, முந்தைய எம்5 காம்பெடிஷன் 3.3 நொடியில் எட்டியது, இரண்டுமே நீங்கள் வெளியிட்ட எண்கள். ஐரோப்பாவின் புகை விதிகளை வைத்துக்கொண்டு வி8-ஐக் காப்பாற்ற பேட்டரியும் மோட்டாரும் வேண்டியிருந்தது என்பது எனக்குப் புரிகிறது, அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63-இல் வி8-ஐயே தூக்கிவிட்டு நாலு சிலிண்டரை வைத்தார்கள், அதைவிட நீங்கள் செய்தது மேல். ஆனால் எடையை ஏற்றி, ஏற்றிய எடை தெரியாமலிருக்கப் பின் சக்கரத்தையும் திருப்ப வைத்து, அதையெல்லாம் ஒத்திசைக்க இன்னும் கம்ப்யூட்டர் வைத்து, அந்தக் கம்ப்யூட்டருக்கு மெனு வைத்து, ஹைபிரிட் பகுதிக்கு மட்டும் ஐந்து மோடு வைத்திருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் பழைய வியாதி திரும்பி வருகிறது.

ஸ்கிரீனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2001-ல் 7 சீரிஸில் ஐடிரைவ் குமிழை வைத்தபோது உலகமே உங்களைத் திட்டியது. ரேடியோ மாற்ற ஒரு பாடப்புத்தகம் வேண்டும் என்றார்கள். நீங்கள் அசராமல் வருடா வருடம் திருத்திக்கொண்டே வந்தீர்கள், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது இந்தத் தொழிலிலேயே சிறந்த கட்டுப்பாடாக ஆகிவிட்டது, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் கையால் தடவியே எல்லாம் செய்யலாம். அப்படிப் பாடுபட்டு வளர்த்ததை, புதிய மின்சார ஐஎக்ஸ்3-யில் தூக்கிவிட்டீர்கள். 2022-ல் ஸ்வீடனில் ஒரு கார் பத்திரிகை மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சோதனை செய்தது: சீட் சூடு, ரேடியோ மாதிரி நாலு சாதாரண வேலைகள். 2005-ம் வருட வால்வோ வி70-யில், வெறும் பட்டன்கள், பத்து நொடியில் முடிந்தது, அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. உங்கள் ஐஎக்ஸ் அதே வேலைக்கு 30.4 நொடி எடுத்தது, 928 மீட்டர். இது சாதாரண ஆட்கள் ஓட்டும் வேகம். எம் கார் ஆட்டோபானில் இதைப்போல இரண்டு மடங்கில் போகும். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் 2026-லிருந்து இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தனி பட்டனோ லீவரோ இல்லாவிட்டால் முழு நட்சத்திரம் கிடைப்பது கஷ்டம் என்று ஆக்கியிருக்கிறது. ஃபெராரி தன் புதிய அமால்ஃபியில் தொடு பட்டனைக் கைவிட்டு ஸ்டீயரிங்கில் நிஜமான ஸ்டார்ட் பட்டனைத் திரும்ப வைத்துவிட்டது. புகாட்டி டூர்பியோனில் கைக்கடிகாரம் போல முட்களும் பல்சக்கரங்களும் வைத்த மீட்டர், ஸ்கிரீன் வேண்டும்போது மட்டும் வெளியே வரும். கோடிக்கணக்கில் கொடுப்பவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

சீட் சூடாவதற்கு மாதச் சந்தா கேட்ட கதையை நான் கிளற மாட்டேன், 2023-ல் நீங்களே கைவிட்டுவிட்டீர்கள். திரும்ப ஆரம்பிக்காமல் இருந்தால் சரி.

இப்போது ஒர்க்‌ஷாப் விஷயம். போன மழைக்காலத்தில் ஒரு பெரிய செடான் வந்தது, வயது பதினைந்துக்கு மேல், எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, இந்த வியாதி எல்லோருக்கும் பொதுதான். எஞ்சின் நன்றாக இருந்தது, கியர்பாக்ஸ் நன்றாக இருந்தது, உட்கார்ந்தால் இன்னும் அந்தப் பழைய ராஜ கம்பீரம். ஆனால் கார் லிம்ப் மோடில், அதாவது கோளாறு என்று தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்டு, மூன்றாவது கியருக்கு மேல் போகமாட்டேன் என்கிறது. நண்பர் லேப்டாப்பை மாட்டினால் ஒரு பக்கம் முழுக்க ஃபால்ட் கோடு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. கடைசியில் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்துப் பள்ளத்தில் தண்ணீர். டெயில் லைட் ரப்பர் காய்ந்து, அதன் வழியாகச் சொட்டிச் சொட்டி, அங்கே இருந்த ஒரு கம்ப்யூட்டர் மாட்யூல் நனைந்து பச்சை பூத்துவிட்டது. அந்த ரப்பரின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. மாட்யூல் புதிதாகக் கிடைக்கவில்லை. பழைய காரிலிருந்து எடுத்துப் போட்டால் சேஸிஸ் நம்பர் ஒத்துப்போகவில்லை என்று கார் ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. உரிமையாளர் அதைப் பார்ட்ஸுக்கு விற்றுவிட்டார். நல்ல எஞ்சின், அதோடு போயிற்று.

பேட்டரி மாற்றினால்கூட காரிடம் "புதுசு போட்டிருக்கிறேன்" என்று கம்ப்யூட்டர் வழியாகச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள், பேட்டரியின் வயதுக்கேற்ப சார்ஜ் செய்வதற்காக. காரணம் நியாயமானதுதான். ஆனால் அதைச் சொல்ல டீலரிடம்தான் போக வேண்டும், அல்லது யாரோ எங்கிருந்தோ இறக்கிய சாஃப்ட்வேர் வேண்டும் என்றால், அந்த நியாயம் தேய்ந்துவிடுகிறது. ஐடிரைவ் மெனுவில் நூறு செட்டிங் வைக்கத் தெரிந்தவர்களுக்கு "பேட்டரி மாற்றப்பட்டது" என்று ஒரு வரி சேர்க்கத் தெரியாதா?

மின்சார எம் காருக்கு வருகிறேன். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார் என்றால், ஒவ்வொரு சக்கரத்துக்கும் எவ்வளவு விசை என்பதை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் மாற்றலாம். பெட்ரோல் காரில் டிஃப்ரென்ஷியலும் பிரேக்கும் சேர்ந்து திணறிச் செய்த வேலை இது. ஓட்டும் கட்டுப்பாடு முழுவதையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்து அதற்கு ஹார்ட் ஆஃப் ஜாய் என்று பெயரும் வைத்திருக்கிறீர்கள். பெயர் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, யோசனை அருமை. இவ்வளவு அதிகாரம் உங்கள் பொறியாளர் கையில் இதுவரை இருந்ததில்லை. இதை வைத்துக்கொண்டு பதினைந்து மோடு கொடுத்துவிடாதீர்கள் என்பதுதான் என் பயம். இரண்டு கொடுங்கள்: ஒன்று ரோட்டுக்கு, ஒன்று டிராக்குக்கு. நடுவில் எதுவும் வேண்டாம். பிரேக் பெடலுக்கு ஒரே உணர்வு. போலிச் சத்தம் வைத்தே தீருவீர்கள் என்றால் வையுங்கள், ஆனால் அதை அணைக்க ஒரு நிஜமான பட்டன், மெனுவுக்குள் மூன்று படி இறங்காமல், அணைத்தால் அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அணைந்தே இருக்கட்டும். அந்தக் குமிழையும் திரும்ப வையுங்கள்.

இன்னொன்று. உங்கள் மின்சார கார்களின் பெரிய பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று உத்தரவாதம் எழுதிக் கொடுக்கிறீர்கள். அதே தாளில் அடுத்த வரியாக, இந்தக் காரின் ஒவ்வொரு கன்ட்ரோல் மாட்யூலும் கடைசிக் கார் தொழிற்சாலையை விட்டுப் போன நாளிலிருந்து எத்தனை வருடம் கிடைக்கும், அதை மாற்றிப் பதிவு செய்யும் சாஃப்ட்வேர் வெளி ஒர்க்‌ஷாப்புக்கு என்ன விலையில் கிடைக்கும் என்று எழுதுங்கள். இருபத்தைந்து வருடம் என்று எழுதினால் சந்தோஷம். பத்து என்றால் பத்து என்று எழுதுங்கள், வாங்குபவர் தெரிந்துகொண்டு வாங்கட்டும். இந்த ஒரு வரிக்கு மட்டுமாவது பதில் அனுப்புங்கள், ஜெர்மனில் இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு கார் பைத்தியம்